வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரிச் சுவர்களைப் பார்க்கப் பழகுவது எப்படி

புதுச்சேரிக்குப் போய்வர ஆரம்பித்த புதிதில் என் போனில் அறுநூறு சுவர்ப் படங்கள் இருந்தன. ஒருநாள் தங்கச்சி அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தச் சுவர்ல என்ன வரைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். படத்தில் நான் இருந்தேன், என் கூலிங் கிளாஸ் இருந்தது, மேலே காகிதப்பூ இருந்தது. பின்னால் நீலமாக ஏதோ. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மீன்காரம்மா. கூடையும் ஒரு கையும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் தலை.

அடுத்த ஞாயிறு அதே இடத்துக்குப் போனேன். சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மாதிரி ஏமாறாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. சுவரோவியம், பத்திரிகைச் சித்திரம், புகைப்படம் மூன்றையும் நின்று பார்க்க வேண்டும், பார்த்ததில் கொஞ்சத்தைத் தன் வேலைக்குள் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு எழுதுகிறேன். ஓவியம் படித்திருக்க வேண்டியதில்லை. நானும் படித்தவன் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பழகியதுதான்.

எந்தச் சுவர் எந்த முகவரியில் என்று நான் சொல்லப் போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த மழைக்குள் அதன்மேல் பிளெக்ஸ் தொங்கும். எங்கே தேடுவது, எப்படிப் பார்ப்பது, அதை மட்டும் சொல்கிறேன்.

புறப்படும் முன்

உள்ளங்கை அளவு கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று, ஷார்ப்பனர். அழிரப்பர் வேண்டாம். அது கையில் இருந்தால் வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம் நடக்கும். தண்ணீர், தொப்பி, சார்ஜ் ஏற்றிய போன். கேமரா இருந்தால் முதல் இரண்டு வாரம் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நேரம்தான் முக்கியம். காலை ஆறு, ஆறேகாலுக்குள் தெருவில் இருக்க வேண்டும். கடலூரிலிருந்து போகிறவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாச் சுவருக்கும் முன்னால் வரிசையாக டூவீலர் நிற்கும். ஓவியத்தின் கீழ்ப்பாதி போய்விடும். மதியத்தில் போனால் இன்னும் மோசம். வெள்ளைச் சுவர் கண்ணில் அடிக்கும், நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும்.

வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. புதுச்சேரியின் பழைய ஊர் கட்டம் போட்ட நோட்டு மாதிரி. கடல் கிழக்கே. துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி, மிஷன் வீதி போன்றவை கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகின்றன. இந்தத் தெருக்களில் கடலைப் பார்த்த சுவருக்குக் காலை வெயில், கடலுக்கு முதுகு காட்டிய சுவருக்கு மாலை வெயில். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும். பிரஷ் இழுத்த தடம், சாந்து பூசிய மேடு பள்ளம், வண்ணம் உரிந்த ஓரம் எல்லாம் அப்போதுதான் துருத்திக்கொண்டு தெரியும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகைதான்.

முதலில் மஞ்சள் பக்கத்தை முடித்துவிடுங்கள்

வெள்ளைக்காரர் பகுதியைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை, அதனால் அதையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 1836ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்கி உள்தெருக்களில் ஒரு சுற்று. மஞ்சள் சுவருக்கு வெள்ளை விளிம்பு என்றால் பிரெஞ்சுக்கால பாணி. சாம்பல் நிறத்தில் வெள்ளை விளிம்பு என்றால் பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமக் கட்டடம். இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டே ஓர் ஊருக்கு முகம் கொடுக்க முடியும் என்பதை இங்கே பார்க்கலாம்.

இன்னொன்று, தெருமுனையில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துடன் இருக்கும் பெயர்ப்பலகைகள். பிரெஞ்சு மேலே, தமிழ் கீழே. பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் எழுத எந்த எழுத்தைப் பிடித்திருக்கிறார்கள், குறுகலான தகட்டில் துணைக்காலையும் கொம்பையும் எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நாலு பலகையை நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பயிற்சி முடிந்தது.

இந்தப் பக்கச் சுவரோவியங்கள் பலவும் கஃபே, விடுதி, கடை வைத்திருப்பவர்கள் வரையச் சொன்னவை. சிலது நன்றாகவே இருக்கும். ஆனால் நிறைய இடத்தில் வரைந்தவர் மனத்தில் இருந்தது செல்ஃபி எடுக்க வருகிறவர்தான் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். நடுவில் ஆள் நிற்க இடம் விட்டிருப்பார்கள், இரண்டு பக்கமும் சிறகு. அரை மணி நேரம் போதும்.

வாய்க்காலைத் தாண்டுங்கள்

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்ததும் தெருவின் குணம் மாறும். திண்ணை, தெருவோரத் தாழ்வாரம், மரத்தூண். வைசியாள் வீதியில் இருந்து ஆரம்பியுங்கள். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று இந்த வீதி வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தது. ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை. பக்கத்திலேயே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடு.

பாரதி என்றதும் ஒரு விளையாட்டு. அன்று காலை சுவர்களில், ஆட்டோ முதுகில், பள்ளிக்கூட மதிலில், டியூஷன் சென்டர் போர்டில் எத்தனை பாரதி என்று எண்ணுங்கள். நிஜமான புகைப்படங்கள் என்று நமக்குக் கிடைத்தவை ஐந்துதான், அதில் இரண்டு புதுச்சேரியில் எடுத்தவை. சுவரில் நாம் பார்க்கும் முகம் பெரும்பாலும் ஓவியர் ஆர்யா வரைந்த பாரதியின் வழி வந்தது. அதைப் பார்த்து ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒரு முண்டாசு, இரண்டு புருவம், ஒரு மீசை என்று சுருங்கிவிட்டது. கண்கூட இல்லாத பாரதியை நான் பார்த்திருக்கிறேன், யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகாது. எந்தக் கோட்டை எடுத்துவிட்டால் அவர் பாரதியாக இல்லாமல் போவார்? நோட்டில் ஒவ்வொரு கோடாகக் குறைத்து வரைந்து பாருங்கள். லோகோ வடிவமைக்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மார்கழியில் போனால் தரையையும் பாருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரைக்கும் இந்தத் தெருக்களில் விடியும் முன்பே கோலம் விழுந்துவிடும். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், ரங்கோலி எல்லாம் உண்டு. தெரு ஓவியம் என்ற பேச்சு வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து நம் தெருவில் வரைந்துகொண்டிருப்பவர்கள் இவர்கள்தான். வரைந்ததை மத்தியானத்துக்குள் சைக்கிள் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விடும், மறுநாள் வேறு கோலம். சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வரும் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். நடுவில் வழி தவறும். வீட்டு வாசலில் நின்று இப்படிச் செய்வதற்கு முன்னால் அந்த வீட்டம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை, "அக்கா, கோலம் ரொம்ப நல்லா இருக்கு, பாத்துக்கட்டுமா" என்று கேட்டுவிடுங்கள். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.

எழுத்துக்காரர்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூர் முதுநகரில் என் சித்தப்பா சுவர் எழுதியவர்.

சுவர் எழுதுவது இரண்டு ஆள் வேலை. முதலில் சுண்ணாம்பு ஒரு கை அடித்து, காய்ந்ததும் நூலில் நீலப்பொடியைத் தடவுவார்கள். ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், மறுமுனை அவர் கையில். நன்றாக இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. டப் என்ற சத்தத்தோடு சுவரில் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அப்புறம் கரிக்கட்டியால் எழுத்துகளுக்கு இடம் பிரிப்பார். தமிழில் இதுதான் கஷ்டம். 'டி'யும் 'ணை'யும் ஒரே இடத்தில் அடங்காது. 'ஊ' என்று வந்தால் பாதிச் சுவரைக் கேட்கும். அதனால் வரியை மனத்துக்குள் எழுதிப் பார்த்து, நடு எழுத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுவரின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் போவார். பட்டைப் பிரஷ் வைத்து எழுத்தின் உடம்பு, அது காய்ந்ததும் வலது பக்கமும் அடியிலும் நிழல். 'ழ'வின் வாலை இழுக்கும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வார். இழுத்து முடித்த பிறகுதான் பேச்சு வரும்.

பிளெக்ஸ் வந்த பிறகு அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். ஆனால் கையால் எழுதிய எழுத்து இன்னும் போகவில்லை. கட்சிக்காரர்கள் சுவர் பிடித்து 'ரிசர்வ்' என்று ஆண்டு போட்டு வைத்திருப்பதைப் பாருங்கள். மளிகைக் கடை ஷட்டர், சைக்கிள் கடைப் பலகை, லாரியின் பின்கதவு, துறைமுகத்தில் நிற்கும் படகின் பெயர், இவற்றையெல்லாம் பாருங்கள். வலது கீழ் மூலையில் சின்னதாக ஏதாவது ஆர்ட்ஸ் என்று கையெழுத்து இருக்கும். ஒரே கையெழுத்து இரண்டு மூன்று இடத்தில் கண்ணில் பட்டால், அந்த ஆளின் 'க' எப்படி வளைகிறது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவீர்கள். ஒருவரின் பாணி என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இப்படி லாரிக்குப் பின்னால் நின்று தெரிந்துகொள்வது சுலபம்.

தேர்தல் நடத்தை விதி வந்ததும் சுவரையெல்லாம் அவசர அவசரமாக வெள்ளையடிப்பார்களே, அந்தச் சுண்ணாம்பு மெல்லிசு. இரண்டு மழைக்குப் பிறகு அடியில் இருக்கும் சின்னம் மங்கலாக எட்டிப் பார்க்கும். அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதைக் கிழித்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் பாதி முகம், அதன்மேல் யாரோ போன் நம்பர். இந்த அடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் படமாக்கும் வேலையில் எனக்கு ஆசை வந்தது.

ஒரு சுவர், நாலு ஞாயிறு

நடந்து பார்த்ததில் உங்களைப் பிடித்து நிறுத்திய சுவர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதிரே திண்ணையோ டீக்கடைப் பெஞ்சோ இருந்தால் நல்லது, ஏனென்றால் உட்காரப் போகிறீர்கள்.

முதல் ஞாயிறு பத்து நிமிடம் பார்க்க மட்டும். போன் பைக்குள். அப்புறம் திரும்பி உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். என்ன மறந்துபோனது என்று திரும்பிப் பார்த்தால் தெரியும். நான் ஒருமுறை பெரிய மயில் ஒன்றை வரைந்துவிட்டு, அது நின்ற இடத்தில் கரண்ட் மீட்டர் பெட்டி இருந்ததை மறந்துவிட்டேன். வரைந்தவர் அந்தப் பெட்டியையே மயிலின் உடம்பாக்கியிருந்தார். அந்த ஓவியத்தின் சூட்சுமமே அதுதான், எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு பார்த்து வரைவது. நிறம் வேண்டாம், எல்லைக்கோடு மட்டும். மூன்றாவது வாரம் கிட்டே போய், எது ஸ்ப்ரே, எது பிரஷ், எது ரோலர் என்று பிரித்துப் பாருங்கள். ஸ்ப்ரே என்றால் ஓரம் புகை மாதிரி மங்கும். ரோலர் என்றால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி. ஸ்டென்சில், அதாவது எழுத்தை வெட்டியெடுத்த அட்டை, வைத்து அடித்திருந்தால் எழுத்துக்கு நடுவே பாலம் மாதிரி இணைப்பு விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் நடுத்துண்டு விழுந்துவிடும். நாலாவது ஞாயிறுதான் போட்டோ. அதற்குள் எங்கிருந்து, எத்தனை மணிக்கு எடுத்தால் நன்றாக வரும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

போட்டோவுக்கு இரண்டே குறிப்பு. போனில் கட்டக்கோடு வைத்துக்கொண்டு சுவருக்கு நேர் எதிரே, அதன் பாதி உயரத்தில் கையை வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் மேல்பகுதி சாய்ந்து குறுகும். வெள்ளைச் சுவரென்றால் திரையில் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை சாம்பலாக வரும்.

பத்திரிகைச் சித்திரம்

சுவரிலிருந்து தாளுக்கு வருவோம். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிபோட்டது. 1906இல் சென்னையில் தொடங்கி, வெள்ளைக்கார அரசின் கெடுபிடி தாங்காமல் 1908இல் புதுச்சேரிக்கு வந்து, 1910 வரை இங்கிருந்து வெளிவந்தது. படம் மட்டுமே கொண்ட ஓர் இதழ் நடத்த வேண்டும் என்றுகூட பாரதிக்குத் திட்டம் இருந்தது. பெயரையும் யோசித்துவிட்டார், சித்திராவளி. அது நடக்கவில்லை.

ஞாயிறன்று காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும். சட்டை, செருப்பு, பாத்திரத்துக்கு நடுவே பழைய புத்தகக்காரர்களும் கடை விரிப்பார்கள். அங்கே தேட வேண்டியது பைண்டு பண்ணிய தொடர்கதை. வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து யாரோ ஒரு பாட்டி அட்டை போட்டு வைத்தது. கதை எப்படியும் இருக்கட்டும், படத்துக்காக வாங்குங்கள். கோபுலு, சில்பி, மணியம், மாருதி, ஜெயராஜ், மணியம் செல்வன், ட்ராட்ஸ்கி மருது, ஆதிமூலம் என்று எந்தப் பெயர் கிடைத்தாலும் லாபம்தான்.

இவர்களில் இரண்டு பேரை வைத்து ஆரம்பிக்கச் சொல்வேன். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன் உட்கார்ந்து பேனாவால் வரைந்தவர். கல்லின் ஒவ்வொரு நகையும் இருக்கும். ஆதிமூலம் அதற்கு நேர் எதிர். 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார். பல படங்களில் கோடு கண்டபடி ஓடுவது போலிருக்கும், தள்ளி வைத்துப் பார்த்தால் கிழவர் நடந்து வருவார். புதுச்சேரியில் கடைசிவரை வாழ்ந்து 2021இல் மறைந்த எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) கரிசல் கட்டுரைகளுக்கும் அவர்தான் வரைந்தார். சில்பியின் படம் ஒன்று, ஆதிமூலத்தின் படம் ஒன்று, இரண்டையும் அதே அளவில் பேனாவால் பார்த்து வரையுங்கள். சில்பி கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு உட்காருவீர்கள். ஆதிமூலத்திடம்தான் திணறுவீர்கள். சில்பியில் தவறினால் திருத்தலாம், அங்கே ஒரு கோடு பிசகினால் ஆளே போய்விடுவார்.

புகைப்படம்

1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். நாற்காலியில் அமர்ந்த அந்தப் படத்தை இந்த ஊரில் எங்கும் பார்க்கலாம். எடுத்தவர் யார் என்று பலருக்குத் தெரியாது. அடுத்த முறை அதன்முன் நிற்கும்போது, அது ஒரு சின்ன கேமராவில், ரோலுக்கு 36 படம் என்ற கணக்கில் எடுக்கப்பட்ட காலம் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

பக்கத்திலேயே இன்னொருவர் இருக்கிறார், புதுவை இளவேனில். தமிழ் எழுத்தாளர்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். கி.ரா.வின் முகச் சுருக்கம் நம் நினைவில் இருப்பதற்கு அவர் எடுத்த படங்களும் ஒரு காரணம். ஓர் ஆளைத் திரும்பத் திரும்ப, வருடக்கணக்கில் எடுத்தால் மட்டும் வரும் ஒரு நெருக்கம் அவற்றில் இருக்கிறது.

அப்புறம் ஸ்டுடியோ படங்கள். செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பழைய தமிழ் போட்டோ ஸ்டுடியோக்களின் கண்ணாடித் தகடுகளையும் படங்களையும், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக மாற்றும் வேலையையும் செய்திருக்கிறது. நேரில் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போகவும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம், உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். தாத்தா பாட்டி கல்யாணப் படம் இருக்கும். பின்னால் வரைந்த திரையில் மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் ஸ்டூல்மேல் பூச்சாடி. பாட்டி நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா, கை எங்கே, பார்வை எங்கே? அட்டையின் கீழே ஸ்டுடியோ பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும், தடவிப் பாருங்கள். கண்ணிமையும் புருவமும் பென்சிலால் தீட்டியதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஆமாம். என் பாட்டி படத்தில் மூக்குத்தியே பிற்பாடு வைத்தது. அந்தக் காலத்தில் பாட்டிக்கு மூக்குத்தி இல்லை என்று அத்தை சொன்னார்.

பயிற்சி சுலபம். ஒரு நாளைக்கு 36 படம் மட்டும். ஜூம் கிடையாது. எடுத்ததும் பார்ப்பதும் கிடையாது. வீட்டுக்கு வந்து மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுங்கள். முதல் தடவை பன்னிரண்டுக்குள் அலுத்துவிடும், அதற்குமேல்தான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

கூரைக்கு அடியில்

1889இல் தொடங்கிய பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், துய்மா வீதியில் உள்ள மேசோன் கொலொம்பானி என்ற கட்டடத்தில் கண்காட்சிகள் வைக்கிறது. ஆரோவில்லில் சித்தாதின் குடியிருப்பில் உள்ள சென்டர் டி ஆர்ட்டில் ஓவியமும் புகைப்படமும் மாறி மாறி வரும். புகைப்படங்களைத் தெருவுக்கே கொண்டுவந்து காட்டும் பாண்டிஆர்ட் என்ற அமைப்பும் இருக்கிறது. போகும் முன் போன் செய்து கேளுங்கள். விடுமுறை நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. தொடக்க நாள் மாலை போனால் வரைந்தவரே அங்கே நிற்பார். "இதன் அர்த்தம் என்ன" என்று கேட்காதீர்கள், "இது எப்படிச் செய்தீர்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சிரிப்புதான் பதிலாக வரும், இரண்டாவதற்கு அரை மணி நேரம் பேசுவார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு வழியிலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஓவியமும் சிற்பமும் கற்றுத்தரும் அரசுக் கல்லூரி. மாணவர் கண்காட்சி நடந்தால் விட்டுவிடாதீர்கள். தேர்ந்த ஓவியரின் படத்தில் தழும்பு தெரியாது, மாணவர் படத்தில் எங்கே முட்டி மோதியிருக்கிறார் என்பது தெரியும்.

சென்னைப் பயணம் வாய்த்தால் கண்ணகி நகர். 2020இல் தெரு ஓவியத்துக்கான ஸ்டார்ட் இந்தியா அமைப்பு அங்கே குடியிருப்புச் சுவர்களை ஓவியமாக்கியது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் தெரு ஓவியர் அ-கில் வரைந்த முகங்களை ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் பத்தாது, இறங்கி எதிர்ச் சாலையில் நின்று பார்க்க வேண்டும். ஈசிஆர் வழியாகப் போனால் 1966இல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் வழியிலேயே வரும்.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

ஆளை எடுப்பதானால் கேளுங்கள். வீட்டுத் திண்ணையானாலும் கேளுங்கள். நாங்கள் போய்ப் படம் எடுத்த வாசல் ஒன்றில், கோலத்தின்மேல் என்னோடு வந்தவர் தெரியாமல் காலை வைத்துவிட்டார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் சாத்திக்கொண்டார். மூன்று மாதம் அந்தத் தெருப்பக்கம் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

சட்டம் என்று பார்த்தால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டடத்தையும், பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும் படமெடுக்க விடுகிறது. சுவரோவியத்துக்கு அப்படி நேரடியாகச் சொல்லவில்லை. உங்கள் நோட்டுக்கும் படிப்புக்கும் எடுப்பதில் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கப் போகிறீர்கள் என்றால் வரைந்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். பகிரும்போது மூலையில் இருக்கும் கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள்.

உங்கள் சுவர்

நாலைந்து மாதம் பார்த்தால் கை அரிக்க ஆரம்பிக்கும். அனுமதி இல்லாத சுவரில் கை வைக்காதீர்கள், பொதுச் சுவரைக் கெடுப்பதற்குத் தண்டனை உண்டு. வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் போதும்.

கடலோர ஊரில் வண்ணத்துக்கு முதல் எதிரி உப்பு. பழைய வீட்டுச் செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் வெளியே வந்து ஆவியாகும்போது அதிலிருக்கும் உப்பு சுவரில் வெள்ளையாகப் பூக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சுவிடும், ஈரம் போய்விடும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிக்கொண்டு, உள்ளே சிக்கிய உப்பு தள்ளித் தள்ளிக் கொப்புளமாக உரியும். தரையிலிருந்து இடுப்பளவு வரை உரிந்த ஓவியங்களை இந்த ஊரில் நிறையப் பார்ப்பீர்கள், காரணம் இதுதான். அதனால் காய்ந்த சிமெண்ட் சுவராகப் பார்த்து, இடுப்புக்கு மேலே வரையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டாம். தை பிறந்ததும் தொடங்கினால் மழை பயமில்லை.

பெரிதாக்குவதற்குச் சினிமா பேனர்காரர்கள் செய்ததுபோல் கட்டம் கட்டலாம். தாளில் இரண்டு சென்டிமீட்டர் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். சுவர் பெரிதென்றால் இப்போது வேறு வழி. சுவர் முழுக்கக் கண்டபடி எழுத்தும் கிறுக்கலுமாகப் போட்டுவிட்டுப் படமெடுத்து, போனில் அதன்மேல் உங்கள் ஓவியத்தை மங்கலாக வைத்துப் பார்ப்பது. "மூக்கு இந்த 'அ'வுக்குப் பக்கத்தில் வருகிறது" என்று கிறுக்கலையே அடையாளமாக வைத்து வரைந்துவிடலாம். அடியில் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை, மேலே வெள்ளை எமல்ஷனும், அதில் நிறம் கலக்க ஸ்டெய்னர் பாட்டில் நாலைந்தும். கடைக்காரர் இருபது நிறம் காட்டுவார், மூன்று போதும்.

திரும்பும்போது கடலூர் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஊர் ஊராகச் சுவர்கள் கை எட்டும் தூரத்தில் வரும். பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு எழுத்தாவது வரைந்துவிடலாம்.